மாட்யூல் மாறியது; வரைபடம் மாறியதா?



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு எழுத எங்கய்யா வரும், கோடு போடத்தான் வரும்" என்றேன். "அப்போ கோடு போட்ட கதையையே எழுதுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஆகவே இது கோடு போட்ட கதை. கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது.

நான் 1984-ல் மின்னியல் பிரிவில் தேறி வெளியே வந்தவன். மினி டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு டிராயிங் ஹாலுக்கு ஓடிய தலைமுறை. முதல் வேலை, கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில். ட்ரேசிங் பேப்பரில் மைப் பேனாவால் வரைவோம். தப்பு வந்தால் பிளேடால் சுரண்டி, அதே இடத்தில் மறுபடி வரைவோம். பிரிண்ட் எடுக்கிற அறையில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். எங்கள் சீனியர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்தார்: "பேப்பர்ல ஒரு கோடு இருந்தா, பேனல்ல ஒரு ஒயர் இருக்கணும். பேனல்ல ஒரு ஒயர் இருந்தா, பேப்பர்ல ஒரு கோடு இருக்கணும்."

ரிலே காலத்தில் இது முழு உண்மை. மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற அறிவு முழுவதும் ரிலே கான்டாக்டுகளிலும் அவற்றை இணைக்கும் ஒயர்களிலும் இருந்தது. வரைபடத்தைப் படித்தால் இயந்திரத்தையே படித்த மாதிரி.

அந்த நிலை மாறத் தொடங்கியது அமெரிக்காவின் மோட்டார் கார் தொழிலில். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமாட்டிக் பிரிவு, கார்களுக்கான கியர் அமைப்புகளைச் செய்வது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி ஒயரிங் செய்ய வேண்டும். அல்லது தூக்கி எறிய வேண்டும். இது கட்டுப்படியாகாமல், 1968-ல் ரிலே பேனலுக்குப் பதிலாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் டிக் மார்லியும் அவருடைய நண்பர்களும் அதைச் செய்து காட்டினார்கள். அது அவர்களுடைய 84-ஆவது திட்டம் என்பதால் 084 என்றே பெயர். மாடுலர் டிஜிட்டல் கன்ட்ரோலர் என்பதைச் சுருக்கி மோடிகான் என்று அழைத்தார்கள். 1969-ல் அது ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று நாம் பி.எல்.சி. என்று சொல்வதன் தொடக்கம் அதுதான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. புரோகிராம் எழுதுவதற்கு எலக்ட்ரீஷியன் புது மொழி கற்க வேண்டாம் என்று, ரிலே வரைபடத்தின் ஏணி வடிவத்தையே மொழியாக ஆக்கினார்கள். 1993-ல் வந்த ஐ.இ.சி. 1131-3 தரநிலையும் அந்த ஏணிப் படத்தை ஒரு மொழியாக ஏற்றுக்கொண்டது. ஆக, நம் டிராயிங் ஆபீஸ் கோடுதான் கன்ட்ரோலருக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டது!

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. அறிவு மெமரிக்குள் போய்விட்டது. வரைபடத்தில் மிஞ்சியது, மாட்யூலின் டெர்மினல் வரை வந்து நிற்கும் ஒயர்கள் மட்டும். ஒயரின் உலகமும் புரோகிராமின் உலகமும் சந்திக்கிற எல்லைக்கோடு அந்த மாட்யூல் பக்கம்தான்.

இந்த மாட்யூல்களுக்கு ஆயுள் உண்டு. ஆலையின் பம்பும் ரோலரும் 40 வருஷம் ஓடும். மின்னணு மாட்யூல் அவ்வளவு காலம் கடையில் கிடைக்காது. சீமென்ஸ் நிறுவனம் 1979-ல் சிமாட்டிக் எஸ்-5 வரிசையைக் கொண்டுவந்தது. 1990-களின் நடுவில் எஸ்-7 வந்தது. அதில் பிரபலமான எஸ்-7-300 வரிசையும் விடைபெறத் தொடங்கிவிட்டது. எஸ்-5 புரோகிராமை எஸ்-7-க்கு மாற்ற மென்பொருள் வந்தது. வரைபடத்தை? அதை எங்களைப் போன்ற கோடு போடுகிறவர்கள்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இனி என் கதை.

1998. மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு காகித ஆலை. ஹைட்ராலிக் கத்தியால் காகிதக் கட்டுகளை வெட்டும் இயந்திரம். அதன் பழைய கன்ட்ரோலருக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை. வேறு தயாரிப்பு போட முடிவாயிற்று. பழைய டிராயிங்கை ஆட்டோகேடில் மறுபடி வரைந்து, மாட்யூலை மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. (ஆட்டோகேட் 1982-லேயே வந்துவிட்டது, எங்கள் மேசைக்கு வர நாளாயிற்று.)

பழைய அவுட்புட் மாட்யூலில் 32 புள்ளிகள். எட்டெட்டாக நான்கு குரூப். ஒவ்வொரு குரூப்புக்கும் தனி 24 வோல்ட் சப்ளை. முதல் குரூப்பில் கத்தி வால்வுகள். அதன் சப்ளை எமர்ஜென்சி ஸ்டாப் ரிலேயின் கான்டாக்ட் வழியாக வரும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால், புரோகிராம் என்ன நினைத்தாலும் சரி, அந்த எட்டுக்கும் கரண்ட் கிடையாது. இரண்டாவது குரூப்பில் விளக்கு, ஹாரன் போன்றவை, நேரடி சப்ளை.

புதிய மாட்யூலிலும் 32 புள்ளிகள்தான். 24 வோல்ட்தான். ஆம்பியரும் போதும். ஆனால் குரூப் பதினாறு பதினாறாக இரண்டு. பழைய டிராயிங்கில் ஒரு பக்கத்துக்கு எட்டு அவுட்புட் என்பதால், நானும் புதிய சிம்பலை எட்டெட்டாக வெட்டிப் பக்கங்களில் வைத்தேன். 14-ஆம் பக்கத்தில் சப்ளை டெர்மினலுக்கு எமர்ஜென்சி ஒயர். 15-ஆம் பக்கத்தில் சப்ளை டெர்மினலுக்கு நேரடி ஒயர். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரி. ஆனால் இரண்டு பக்கத்திலும் டெர்மினல் எண் ஒன்றே! நான் கவனிக்கவில்லை. சரிபார்த்தவர் என்ற கட்டத்திலும் என் கையெழுத்துதான். ஒயர்மேன் டிராயிங்கில் இருந்தபடியே, இரண்டு ஒயரையும் ஒரே திருகின் கீழ் வைத்து இறுக்கினார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

சோதனை ஓட்டம். பொத்தானை அமுக்கினோம், கத்தி நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆலையின் எலக்ட்ரிகல் ஃபோர்மேன் மட்டும் நகரவில்லை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர்.

"தம்பி, இப்ப நிறுத்துனது புரோகிராமுங்களா, ஒயருங்களா?"

"ரெண்டும்தாண்ணே."

"அப்டீங்களா? புரோகிராம விட்டுப்போட்டு ஒயர் மட்டும் நிறுத்துதான்னு ஒருக்கா பாத்தரலாமுங்க."

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிறது. இருந்தாலும் கத்தியைப் பூட்டிவைத்துவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வால்வு அவுட்புட்டை வலுக்கட்டாயமாக ஆன் செய்து, பொத்தானை அமுக்கினோம். வால்வு விடவில்லை. சாலினாய்டு இழுத்தபடியே இருந்தது. எமர்ஜென்சி கான்டாக்ட் திறந்துதான் இருந்தது. நேரடி சப்ளை அந்தத் திருகின் வழியாக உள்ளே வந்து அந்த வால்வைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கத்திக்குக் கீழே காகிதத் துணுக்கை எடுக்கக் கை விடுகிற ஆட்கள் அந்த ஷிப்டில் மூன்று பேர். அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. ஃபோர்மேன் என்னைத் திட்டவில்லை. "பேப்பர்ல திருத்திப்போட்டு அப்புறம் ஒயரத் தொடலாமுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் தங்கினேன். எமர்ஜென்சியில் நிற்க வேண்டியவற்றை எல்லாம் ஒரு குரூப்பில் சேர்த்து, மற்றவற்றை வேறு குரூப்புக்கு மாற்றி, முகவரிகளையும் ஒயர் ஃபெர்ரூல் எண்களையும் புரோகிராமையும் திருத்தினோம். டிராயிங்கில் திருத்த முக்கோணம் போட்டுத் தேதியும் எழுதினேன். அந்த 14-ஆம் பக்கத்தின் பிரிண்ட் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளே, இன்று ஈபிளான் போன்ற மென்பொருள்களில் பார்ட் எண்ணை மாற்றும்போது பின் எண்களையும் சேர்த்தே மாற்றிக்கொள்ள முடியும். ஒரே பின் இரண்டு இடத்தில் வந்தால், சரியாக அமைத்துவைத்திருந்தால், எச்சரிக்கையும் வரும். நல்லதுதான். ஆனால் அந்த ஒயர் எதற்காகத் தனியாக வந்தது என்பதை நீங்கள்தான் அறிய வேண்டும்.

ஆகவே மாட்யூலை மாற்றும்போது புள்ளிகளின் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள். பழையது 110 வோல்ட் ஏ.சி.யா, 24 வோல்ட் டி.சி.யா? சென்சார் கொடுக்கும் பக்கம் பாசிட்டிவா, நெகட்டிவா? பழைய புள்ளி 2 ஆம்பியர் தாங்கியது. புதியது அரை ஆம்பியர்தானா? ஏ.சி.யில் ஓடும் இரண்டு ஒயர் பிராக்ஸிமிட்டி சுவிட்ச், ஆஃபில் இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். அந்தக் கசிவையே ஆன் என்று புதிய இன்புட் எடுத்துக்கொள்ளுமா? பொது டெர்மினல் எத்தனை புள்ளிக்கு ஒன்று? அதன் சப்ளை எங்கிருந்து, எதன் வழியாக வருகிறது? இத்தனைக்கும் பதில் எழுதிவிட்டு சிம்பலை மாற்றுங்கள். கடைசியில் ஒயர் மட்டும் நிறுத்துகிறதா என்று ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

நள்ளிரவு ஷிப்டில் யாரோ ஒரு எலக்ட்ரீஷியன், டார்ச் வெளிச்சத்தில் உங்கள் டிராயிங்கை விரித்து வைத்துக்கொண்டு பேனல் கதவைத் திறப்பார். உங்களை அவருக்குத் தெரியாது. உங்கள் கோட்டை நம்பித்தான் கையை உள்ளே விடுவார்.

அந்தக் கையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். மீண்டும் சந்திப்போம் நண்பர்களே!