வரட்டியிலிருந்து எரிவாயுவுக்கு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எரியூட்டலின் செலவு

குறைந்த செலவில் எரியூட்டுவது, மரபான ஈமச்சடங்குக்கு ஒரு புதிய மாற்று என்று இப்போது பேசப்படுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பேச்சு பாதிதான் சரி. இந்த வானம் பார்த்த பூமியில் பிணத்தை எரிப்பது நெடுங்காலம் மலிவாகத்தான் இருந்தது. அந்த மலிவுக்கான விலையைச் சாவு வீட்டார் கொடுக்கவில்லை, வேறு சிலர் கொடுத்தார்கள். அவர்கள் கொடுப்பதை நிறுத்திய பிறகுதான் எரியூட்டல் ஒரு செலவாகவும், நகராட்சியின் பொறுப்பாகவும் மாறியது. இக்கட்டுரை அந்த மாற்றத்தைத் தொடர்ந்து செல்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 'மரபான இறுதிச்சடங்கு' என்று ஒரே முறை இங்கே இருந்ததில்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையிலும் கிடைத்த முதுமக்கள் தாழிகள் தென்பாண்டி நாட்டின் பழைய வழக்கத்தைக் காட்டுகின்றன. சுடுவது, வெளியில் இட்டுவிடுவது, குழியில் வைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து முறைகளை மணிமேகலை ஒரே ஊரின் ஈமப்புறங்காட்டில் வைத்துச் சொல்கிறது. பிற்காலத்திலும் இந்தக் கலப்பு மறையவில்லை. குழந்தைகளைப் புதைப்பார்கள். லிங்கம் தரித்த வீரசைவர்களை உட்காரவைத்துப் புதைப்பார்கள். துறவிகளுக்குச் சமாதி. திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர் 1950இல் திருவண்ணாமலையில் சமாதி வைக்கப்பட்டார், எரியூட்டப்படவில்லை. அரசியலிலும் இதே கதைதான். விருதுநகரில் பிறந்த காமராசரின் உடல் 1975இல் கிண்டியில் எரியூட்டப்பட்டது. 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதல்வரான எம்.ஜி.ஆரின் உடல் பத்து ஆண்டுகள் கழித்து மெரினாவில் புதைக்கப்பட்டது. எரிப்பதா புதைப்பதா என்பதைச் சாதி, வயது, சமயம், வசதி ஆகியவை சேர்ந்தே முடிவு செய்தன. அதனால் இங்கே புதிய முறைக்கு எழுந்த தடை கொள்கை சார்ந்ததாக இருந்ததைவிடப் பழக்கம் சார்ந்ததாகவே இருந்தது.

எரிப்பதற்கு என்ன இருந்தது? கரிசலும் செவலும் கலந்த இந்த நிலத்தில் பெருமரங்கள் குறைவு. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களும் குறைவு. வட இந்தியாவில் திறந்த சிதைக்கு 400 கிலோவுக்கும் மேல் விறகு அடுக்குகிறார்கள். அந்த முறை இங்கே நடப்புக்கு ஒத்துவராது. ஆகவே தமிழகத்தின் பல பகுதிகளைப் போலவே இங்கும் வரட்டிதான் முதல் எரிபொருள். விறகும் வரட்டியும் பரப்பிய படுகையில் உடலைக் கிடத்தி, மேலே மறுபடி வரட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, குழைத்த களிமண்ணால் மெழுகி மூடுவார்கள். காற்றுப் போக ஓட்டை விடுவார்கள். மாலையில் கொள்ளி வைத்தால் இரவு முழுக்க உள்ளுக்குள் கனன்று, மறுநாள் பால் தெளிக்கப் போகும்போது எலும்பும் சாம்பலும் மிஞ்சியிருக்கும். இதே வட்டாரத்தில் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரி எடுக்கும் மூட்டத்துக்கும் இதற்கும் நுட்பத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் மண் மூடாக்கு வெப்பத்தைக் காக்கிறது, காற்றை அளக்கிறது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொறியியல் என்று இதைச் சொன்னால் மிகையில்லை. ஆனால் சடங்கு நூல்கள் மந்திரத்தைப் பதிவு செய்த அளவுக்கு இந்த மெழுகலைப் பதிவு செய்யவில்லை.

வரட்டி வீட்டு மாட்டின் சாணத்தில் தட்டியது, வைக்கோல் களத்தில் கிடந்தது, மண் கண்மாயில் எடுத்தது. காசு எங்கும் கைமாறவில்லை. உழைப்புக்கும் காசு இல்லை. சாவுச் சேதியை ஊர் ஊராகச் சொல்லிவருவது, பறை அடிப்பது, சிதை அடுக்குவது, இரவெல்லாம் மயானத்தில் இருந்து எரித்து முடிப்பது, எல்லாம் தலித் குடும்பங்கள்மேல் சுமத்தப்பட்ட வழிவழி வேலை. அறுவடைக் களத்தில் 'சுதந்திரம்' என்ற வழமைப் பங்காக அளக்கும் தானியமும், சாவன்று கொடுக்கும் சில்லறையும், பிணத்தின் மேலிருந்து வரும் கோடித்துணியும்தான் கூலி. வேண்டாமென்று மறுக்கும் உரிமை கிடையாது. செலவுக் கணக்கில் இந்த உழைப்பை நியாயமான கூலியில் எழுதினால் அந்தக் கால எரியூட்டல் மலிவாக இருக்காது.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் எரிபொருள், உழைப்பு என்ற இரண்டு பக்கமும் சேர்ந்து உடைந்தன. டிராக்டர் வந்தபின் உழவுமாடுகள் குறைந்தன, மாட்டோடு வரட்டியும் போயிற்று. வரட்டியை விலைக்கு வாங்க வேண்டிய நிலை வந்தது. மறுபுறம், 1980களுக்குப் பிறகு தென்மாவட்டங்களில் தலித் இயக்கங்கள் பறை அடிப்பதையும் பிணம் சுடுவதையும் சாதித் தொழிலாகச் செய்ய மாட்டோம் என்று மறுக்கத் தொடங்கின. படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். எஞ்சியிருந்தவர்கள் பேசிக் கூலி கேட்டார்கள். 'இப்பல்லாம் வெட்டியான் கேக்குற காசு...' என்று ஊர்ப் பெரியவர்கள் அலுத்துக்கொள்வது இந்த மாற்றத்தின் ஓசைதான். அந்த அலுப்பில் நியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை.

இந்த இடத்தை நிரப்ப வந்த தகன உலையின் வரலாறு வேறொரு மூலையில் தொடங்கியது. 1873இல் வியன்னா கண்காட்சியில் இத்தாலியப் பேராசிரியர் புருனெட்டி தம் தகன உலையைக் காட்சிக்கு வைத்தார். மறு ஆண்டு லண்டனில் சர் ஹென்றி தாம்சன் தகனச் சங்கத்தைத் தொடங்கினார். 1885இல் இங்கிலாந்தின் வோக்கிங்கில் முதல் எரியூட்டல் நடந்தது. நெரிசலான நகரக் கல்லறைகளைப் பற்றிய சுகாதார அச்சமே அங்கே உந்துதல். கத்தோலிக்கத் திருச்சபை 1963இல்தான் தகனத்துக்கு இசைந்தது. இந்தியாவில் அரசு உலைகளைப் பரப்பிய பெரிய முயற்சி 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டம். அதன் முதல் கட்டத்தில் 28 மின்தகனக் கூடங்கள் இடம்பெற்றன. மின்வெட்டும் மக்களின் தயக்கமும் அவற்றைப் பாதி முடக்கின.

சிறிய ஊர்களுக்கு மின் உலை ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு அருப்புக்கோட்டையே நல்ல கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 87,722. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஏழு இறப்புகள் என்று கொண்டால், நகரில் ஆண்டுக்கு 600 சாவுகள் வரும். கிறித்தவர், இசுலாமியர், புதைக்கும் வழக்கமுள்ளவர்கள் ஆகியோரைக் கழித்தால் நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. மின் உலையின் செங்கற் சுவர் சூடேறவே பல மணி நேரம் பிடிக்கும். தொடர்ந்து உடல்கள் வரும் பெருநகரத்தில்தான் அது கட்டுப்படியாகும். நாளுக்கு ஓர் உடலுக்காக அதைச் சூடாக்கி ஆறவிடுவது வீண். 2000க்குப் பிறகு தமிழக நகராட்சிகள் பலவும் நவீன எரிவாயு தகன மேடைக்குப் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் முடிவு.

தொடக்ககால மேடைகள் பலவற்றில் எரிபொருள் விறகுதான். துண்டு விறகை மூடிய கலத்தில் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைத் தூய்மைப்படுத்தி உலையில் எரித்தால் ஒன்றரை மணி நேர அளவில் வேலை முடிந்துவிடும், புகை உயரமான புகைபோக்கி வழியே போகும். திறந்த சிதைக்கு ஆகும் விறகில் பாதியே தேவை. பின்னர் பல ஊர்களில் சமையல் எரிவாயு உருளைகளுக்கு மாறிவிட்டார்கள். இதில் ஒரு முரண் உண்டு. 1870களில் சென்னை மாகாண வனத்துறை விறகுக்காகக் கொண்டுவந்த சீமைக்கருவேலம் இந்த வட்டாரத்தின் தரிசையும் கண்மாயையும் நிரப்பி நிற்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. விறகு இப்படிக் குவிந்து கிடக்கும் நாட்டில், உருளையை லாரியில் வரவழைத்து எரிக்கிறோம்.

செலவைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. எரிவாயு மேடை ஒன்றுதான், எல்லாச் சாதிக்கும் அதே உலை. கிராமங்களில் சாதிக்கொரு மயானம், அங்கே போகும் பாதைக்கும் தகராறு என்ற நிலை இன்னும் மாறவில்லை. வாணியம்பாடி அருகே 2019இல் பாதை மறுக்கப்பட்டு ஒரு தலித்தின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டதை நாடே பார்த்தது. பாகுபாடற்ற பொது மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் பரிசு என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. பரிசு கொடுத்து வாங்க வேண்டியதாகச் சமத்துவம் இருப்பது வெட்கக்கேடு.

இனிச் செலவுக்கு வருவோம். ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்க ஈமச்சடங்கு இயக்குநர்கள் சங்கத்தின் 2023 கணக்குப்படி, புதைக்கும் சடங்குக்கு இடைநிலைச் செலவு 8,300 டாலர், சடங்கோடு கூடிய தகனத்துக்கு 6,280 டாலர். சடங்கே இல்லாத நேரடித் தகனம் இன்னும் மலிவு. 2016இல் பாடகர் டேவிட் போவியின் உடல் அப்படித்தான் எரிக்கப்பட்டது. அங்கே பெட்டியும் பதப்படுத்தலும் கல்லறை நிலமும்தான் பணத்தை விழுங்குகின்றன. அவற்றைத் தவிர்த்தால் தொகை இறங்கும். நம்மூரில் யாரும் விலையுயர்ந்த பெட்டி வாங்குவதில்லை, மயானம் பொதுநிலம். இங்கே பணம் போகும் வழி வேறு: ஐஸ் பெட்டி வாடகை, பந்தல், பூத்தேர், மேளம், வெடி, பிளக்ஸ், கேதம் கேட்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு, பதினாறாம் நாள் கருமாதி விருந்து, உருமா கட்டு, அஸ்தி கரைக்க ராமேசுவரத்துக்கோ சேதுக்கரைக்கோ வண்டி. இவற்றில் பெரும்பகுதி உறவுக்குள் சுற்றிவரும் செய்முறைக் கடன். ஒரு வீட்டார் இதை நிறுத்தினால் மற்றவர்களிடம் வாங்கியதைத் திருப்பாதவர்கள் ஆகிவிடுவார்கள். நீர்மாலையும் வாய்க்கரிசியும் கொள்ளிக்குடமும் ஏறக்குறையக் காசில்லாத சடங்குகள். ஆகவே 'சடங்கைக் குறைத்தால் செலவு குறையும்' என்ற அறிவுரை இங்கே குறி தப்புகிறது. சடங்கு மலிவு, அதைச் சுற்றிய கௌரவம்தான் விலை.

எரிவாயு மேடை இந்தப் பட்டியலில் ஒரு வரியை மட்டும் குறைத்தது. அதுவும் நகரத்தாருக்கு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உடலை நகரத்து மேடைக்குக் கொண்டுபோக வண்டி வாடகையே எரிப்புக் கட்டணத்தைத் தாண்டிவிடலாம். அரசின் இலவச அமரர் ஊர்தி, அரசு மருத்துவமனைகளில் இறந்தவர்களை ஊர்கொண்டு சேர்க்கிறது. வீட்டில் இறக்கும் முதியவர்தான் கிராமத்தில் அதிகம். 2011இல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் ஈமச்சடங்குக்கு 2,500 ரூபாய் உண்டு. அது பந்தலுக்கே போதாது.

வட்டாரத்தில் செய்யக்கூடியது எளிது. ஊராட்சி ஒன்றியத்துக்கு ஒரு விறகுவாயு தகன மேடை, அதற்குச் சீமைக்கருவேல விறகு, வேலை செய்கிறவருக்குச் சாதி பார்க்காத நியமனமும் மாதச் சம்பளமும், வீட்டுச் சாவுக்கும் வரும் அமரர் ஊர்தி. இந்த நான்கையும் கிராமசபைத் தீர்மானமாகக் கேட்க ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு. அடுத்த கிராமசபையில் கேளுங்கள்.