பழைய உல்லாசப் படகுகளின் உள்ளறைகளும் குழாய்களும்: ஒரு வரலாறு

மோட்டார் உல்லாசப் படகு என்பது இயந்திரத்தால் ஓடுவதும், படுக்கையறை, சமையலறை, கழிவறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்டதுமான பொழுதுபோக்குப் படகு ஆகும். இத்தகைய படகைப் பழையதாக வாங்குவோர் முதலில் பார்ப்பது இயந்திரத்தை. ஆனால் வாங்கிய பின் கையைக் கடிப்பது பெரும்பாலும் உள்ளறை மரவேலையும் தண்ணீர்க் குழாய்களுமே. இந்தப் பழுதுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. படகுக்கு 'உள்' என்று ஒன்று ஏற்பட்ட நாளில் அது தொடங்குகிறது.

வத்தல்மலை, பென்னாகரம் பக்கத்து மாணவர்களுக்குப் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பிளாச்சுகளால் கூடை போல முடைந்து, அடியில் முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் கொண்டு போர்த்திய வட்டப் படகு அது. வேலை முடிந்ததும் பரிசல்காரர் அதைக் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கிறார். உள்ளே வந்த நீர் வடிகிறது, வெயில் காய்கிறது, எங்கே கிழிசல் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. பரிசலுக்கு உள்ளறை இல்லை, ஆகவே உள்ளறைப் பழுதும் இல்லை. தளம் போட்டு, சுவர் வைத்து, கூரைக்கு உறை தைத்து மூடிய படகில் இந்த வசதி போய்விடுகிறது.

கப்பலில் கழிவறை

பாய்மரக் கப்பல்களில் மாலுமிகளின் கழிவறை கப்பலின் முன்தலையில், திறந்த வெளியில், கடலுக்கு மேலாக அமைந்த துளைப் பலகைதான். அலையே அதைக் கழுவியது. ஆங்கிலேய மாலுமிகள் இன்றும் கப்பல் கழிவறையைத் 'தலை' என்ற சொல்லாலேயே குறிக்கின்றனர். அங்கே குழாயும் இல்லை, அடைப்பும் இல்லை.

நிலத்தில் வேறு வகையான வளர்ச்சி நடந்தது. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் வளைகுழாயில் நீரைத் தேக்கி நாற்றத்தைத் தடுக்கும் கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டுக் கழிவறையின் அடியில் இன்றும் இருப்பது அந்த வளைவே. ஆனால் ஆடும் படகில் வளைவில் தேங்கிய நீர் ஒழுங்காக நிற்பதில்லை. மேலும், படகின் கழிவறை பல சமயம் வெளிக்கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. எனவே அங்கே கைப்பம்பும், ரப்பர் வால்வும், உடலில் துளையிட்டுப் பொருத்திய கடல்நீர்த் திறப்பான்களும் தேவைப்பட்டன. கழிவறை வைப்பதற்காகப் படகின் அடியில் ஓட்டை போட வேண்டிய நிலை வந்தது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

அந்த ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் யு-1206 ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்து கரைக்கு அப்பால், ஆழத்தில் இயங்கும் அதன் உயர் அழுத்தக் கழிவறையில் ஏற்பட்ட கோளாறால் கடல்நீர் உள்ளே பீறிட்டது. நீர் மின்கலங்களை எட்டியதும் குளோரின் வாயு கிளம்பியது. வேறு வழியின்றி மேலே வந்த கப்பல் விமானத் தாக்குதலுக்கு உள்ளாகிக் கைவிடப்பட்டது.

உல்லாசப் படகில் நடப்பது இவ்வளவு ஆரவாரமாக இராது. பள்ளி ஆய்வகத்தில் வாளியிலிருந்து ரப்பர் குழாய் வழியாக நீரை இறக்கிக் காட்டும் சைபன் செயல்முறை எல்லோருக்கும் நினைவிருக்கும். கழிவறைக் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வு வைப்பார்கள். பல ஆண்டு உப்புப் படிந்து அந்த வால்வு அடைத்துக்கொண்டால், கடல் மெதுவாகச் சைபன் முறையில் உள்ளே இறங்குகிறது. துறையில் ஆளில்லாமல் கட்டிக் கிடந்த படகு காலையில் மூழ்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புநீரும் நன்னீரும்

மரப்படகைக் கெடுப்பது கடல் என்று பலரும் எண்ணுகின்றனர். மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்குப் பிடித்தது நன்னீர்; உப்பு அதற்கு ஆகாது. நியூ இங்கிலாந்துப் பகுதியின் கப்பல் கட்டுவோர் சட்டப் பலகைகளுக்கு நடுவே கல்லுப்பைத் திணித்து வைத்தது இதனால்தான். தமிழர் கட்டிய கப்பல் ஒன்றும் அந்தக் கரைக்குச் சென்றிருக்கிறது. வல்வெட்டித்துறையில் உருவான 'அன்னபூரணி' என்ற சரக்குப் பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவர் அதைச் செலுத்திச் செல்ல, 1938 ஆகஸ்டு 1 அன்று அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. சரக்குக் கப்பலாகப் பிறந்தது ஒரு கடற்பயண ஆர்வலரின் கைக்கு மாறிய அந்தப் பயணம் தமிழர் கடலோடி மரபில் தனி இடம் பெற்றது.

மரத்தின் இந்தத் தொல்லை கண்ணாடியிழை வந்ததும் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். 1960-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹேட்டராஸ் நிறுவனம் 41 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகை நீரில் இறக்கியது. இவ்வளவு பெரிய படகையும் மரமின்றி வார்க்கலாம் என்பது அதனால் உறுதியாயிற்று. அதன் பிறகு உடல் மக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருந்த அலமாரி, தடுப்புச் சுவர், தரை எல்லாம் பிளைவுட். மேல்தளத்திலும் எடை குறைய வேண்டி இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா போன்ற இலேசான மரத்தை வைத்தனர். கைப்பிடிக் கம்பி ஒன்றைத் திருகிய இடத்தில் அடைப்புப் பசை காய்ந்துபோனால் போதும். மழைநீர் திருகாணி வழியே இறங்கி, வெளியே எதுவும் தெரியாமல் நடுமரத்தை ஊறவைத்துவிடும். உடல் மக்காததால் படகு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் மிதக்கிறது. அத்தனை ஆண்டும் உள்ளே ஈரம் தன் வேலையைச் செய்கிறது.

கூரையின் உறையை நுரைப்பஞ்சின் மேல் ஒட்டியிருப்பார்கள். ஆண்டுகள் செல்லப் பஞ்சு பொடியாகி, உறை தொட்டில் போலத் தொங்கும். சன்னல் ஓரத்துப் பிளைவுட் கறுப்பது ரப்பர் பட்டை இற்றுப்போனதற்கு அடையாளம். புதிதாக அரக்குப் பூசிய உள்ளறையைக் கண்டு மகிழ்வதைவிட, ஏன் அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப்பூச்சு என்று கேட்பதே நல்லது.

குழாய்களும் இப்படித்தான் காலத்தின் அடையாளத்தைத் தாங்கி நிற்கின்றன. 1970-களின் இறுதியிலிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வீடுகளிலும் சில படகுகளிலும் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய் போடப்பட்டது. குழாய் நீரில் கலந்த குளோரின் அதையும் அதன் இணைப்புகளையும் உள்ளிருந்தே வலுவிழக்கச் செய்தது. வழக்குகள் பெருகி, 1995-இல் 950 மில்லியன் டாலர் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. வீட்டுக்காரர்கள் பலர் குழாயை மாற்றினர். படகில் அந்தக் குழாய் படுக்கைக்கு அடியிலும் சுவருக்குப் பின்னும் ஓடும். அதை எடுக்க அறையையே பிரிக்க வேண்டும்.

பித்தளைக் கடல்நீர்த் திறப்பானில் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும். பார்வைக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். கையால் தட்டினால் உதிரும். கழிவறைக் குழாயினுள் சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து சுண்ணாம்புப் படிவாக இறுகி, நாளடைவில் குழாயின் வாயைச் சுருக்கிவிடும். படகில் வீசும் அழுகிய முட்டை நாற்றத்துக்குப் பலரும் கழிவுத் தொட்டியைக் குற்றம் சொல்வார்கள். கழுவுவதற்காக இழுத்த கடல்நீர் குழாயிலேயே தேங்கி, அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாவதும் காரணமாக இருக்கலாம்.

வேம்பநாட்டுக் காயலில்

தமிழ்நாட்டை ஒட்டி இந்தக் கதையை நேரில் காணத்தக்க இடம் கேரளத்தின் ஆலப்புழை. அங்குள்ள கெட்டுவள்ளத்தின் பெயரைக் கேட்டுக் கெட்டுப்போன வள்ளம் என்று எண்ணிவிடக் கூடாது. மலையாளத்தில் 'கெட்டு' என்பது கட்டு. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துக் கட்டியதால் அந்தப் பெயர். குட்டநாட்டு நெல்லையும் வாசனைச் சரக்கையும் கொச்சிக்கு ஏற்றிச் சென்ற சரக்குப் படகு அது. கயிறு தளர்ந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். அப்போது ஒவ்வொரு பலகையும் தச்சரின் கண்ணில் பட்டாக வேண்டும். பராமரிப்பு முறையே ஆய்வு முறையாகவும் அமைந்திருந்தது இந்தப் படகின் பெரும் சிறப்பு.

சாலைகளும் பாலங்களும் வந்தபின் வள்ளங்களுக்குச் சரக்கு இல்லாமல் போயிற்று. 1990-களில் அவற்றின் மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து, மோட்டார் பூட்டி, சுற்றுலாப் பயணிகள் தங்கும் படகு வீடுகளாக மாற்றினர். வேலையிழந்த படகுக்கு மறுவாழ்வு கிடைத்தது. தச்சருக்கும் படகோட்டிக்கும் பிழைப்பு கிடைத்தது. விருந்தினர் எதிர்பார்ப்பு ஏற ஏற, குளிரூட்டியும் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறையும் வந்தன. மேலைநாட்டு உல்லாசப் படகின் தொல்லைகளும் கூடவே வந்தன. குளியலறைக் கசிவு தரைக்கு அடியில் இறங்கிப் பலகையை ஊறவைத்தது. முன்பு திறந்து கிடந்த வள்ளத்தின் அடிப்பகுதி இப்போது மெருகிட்ட தரைக்குக் கீழே மறைந்துவிட்டது.

கழிவு நீரோ படகின் சிக்கலோடு நிற்கவில்லை. வேம்பநாட்டுக் காயல் 2002-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நெல்வயலில் உப்பு ஏறாதபடி 1970-களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடைக்கு முந்தைய மாதங்களில் மூடப்படுகிறது. அப்போது கடலின் ஏற்ற இறக்கம் தென்பகுதியைக் கழுவுவதில்லை. படகு வீட்டின் கழிவுத் தொட்டி நிரம்பி வழிந்தாலும், இருட்டில் திறந்துவிடப்பட்டாலும் அது அங்கேயே தங்குகிறது. சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தும் குடிநீருக்குத் தவிக்கும் குட்டநாட்டு மக்கள் அந்தக் காயலில்தான் குளிக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். காயலில் நிறைந்திருக்கும் சுற்றுலாப் படகுகளில் எத்தனை தொட்டிகள் முறையாகக் காலி செய்யப்படுகின்றன என்பது அவர்களுக்கு நாள்தோறும் எழும் கேள்வி.

பெரிய கப்பல்களின் கழிவுநீருக்கென மார்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு 2003 செப்டம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அது பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பல்களுக்கானது. உள்நாட்டுக் காயலில் ஓடும் படகு வீடு அந்நாட்டுச் சட்டத்தையும் உரிமையாளரின் மனசாட்சியையும் நம்பியே இருக்கிறது.

வாங்குமுன் பார்த்தல்

பழைய படகை ஆய்வு செய்வோர் சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். ஒரு குழாயையும் திறக்காத போது தண்ணீர்ப் பம்பு தானாக ஓடி நின்றால் எங்கோ கசிவு உண்டு. சுடுநீரில் நனைத்த துணியால் கழிவறைக் குழாயின் வெளிப்புறத்தைத் துடைத்து, துணி ஆறியபின் முகர்ந்து பார்ப்பது இன்னொரு பழைய முறை. துணியில் நாற்றம் ஏறியிருந்தால் அது குழாயின் சுவரையே ஊடுருவிவிட்டது என்று பொருள். அத்தகைய குழாயை எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, மாற்றவே வேண்டும்.