மாடி வீட்டுக்கு ஏசி: மொட்டை மாடிக்குக் கீழே தூங்குறது யாரு?

"டாக்டர், கீழே ஹால், மேலே ரெண்டு பெட்ரூம். எந்த ஏசி வாங்கலாம், எத்தனை டன்?"

ஏப்ரல் பிறந்தாலே இன்பாக்ஸ்ல இந்தக் கேள்வி வந்துடுது. கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டியதை ஏன் என்கிட்ட கேட்கிறீங்கன்னு முன்னாடி சிரிப்பேன். இப்போ சிரிக்கிறதில்லை. இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

அறையைக் குளிர வைக்க முதன்முதலா மெனக்கெட்டவங்கள்ல ஒருத்தர் டாக்டர். பேரு ஜான் கோரி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பலாச்சிகோலான்னு ஒரு சின்ன துறைமுக ஊர். 1833-ல் அங்கே வந்தவர், மலேரியாவோடும் மஞ்சள் காய்ச்சலோடும் மல்லுக்கட்டினார். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம்னு அன்றைய மருத்துவம் நம்பிய காலம். மலேரியாக் கிருமி கொசுவுக்குள்ளே இருக்குன்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிச்சது 1897-ல்தான். ஆக, கோரி நினைச்ச காரணம் தப்பு. ஆனா காய்ச்சல்ல கொதிக்கிற நோயாளிக்குக் குளிர்ந்த அறை எவ்வளவு பெரிய ஆறுதல்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

என்ன செஞ்சார் தெரியுமா? ஒரு பாத்திரத்துல ஐஸ் கட்டியைப் போட்டு உத்தரத்துல தொங்கவிட்டார். ஏன் மேலே? குளிர்ந்த காற்று கனமானது. தானா கீழே இறங்கி, நோயாளி மேல பட்டு, தரையோரம் விட்ட துவாரம் வழியா வெளியே போகும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. உங்க வீட்டு மாடிப்படிக்கும் இதே விதிதான்.

அந்த ஐஸ் வட அமெரிக்க ஏரிகள்ல வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல வந்தது. நம்ம மெரினா கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் இருக்கே, அந்தப் பழைய ஐஸ் ஹவுஸ், அதுவும் இதே வியாபாரத்துக்காக 1842-ல் கட்டினதுதான். பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடரோட சரக்கு. கப்பல் வரலைன்னா ஐஸ் இல்லை. அதனால கோரி வைத்தியத்தையே ஓரமா வெச்சுட்டு ஐஸ் செய்யும் இயந்திரம் கட்டினார். 1851-ல் காப்புரிமையும் கிடைச்சது. பணம் போட ஆள் கிடைக்கலை. ஐஸ் வியாபாரிகள்தான் கெடுக்கிறாங்கன்னு சந்தேகப்பட்டபடியே 1855-ல் இறந்துபோனார்.

நீங்க கேட்கிற "எத்தனை டன்" கூட அந்த ஐஸ் காலத்து மிச்சம்தான். 1 டன் ஏசின்னா ஏசியோட எடை இல்லைங்க. அமெரிக்கக் கணக்குல ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்துல உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை அந்த மெஷின் வெளியே தள்ளும்னு அர்த்தம்.

அப்புறம் கதை நோயாளியை விட்டு விலகிடுச்சு. 1902-ல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகத்துக்குத்தான் தன் இயந்திரத்தை வடிவமைச்சார். ஈரப்பதத்துல காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒண்ணுமேல ஒண்ணு சரியா விழலை, அதுக்காக! மனுஷனுக்கு முன்னாடி காகிதத்துக்குக் கிடைச்சது சொகுசு. 1914-ல் மின்னியாபொலிஸ்ல ஒரு கோடீஸ்வரர் மாளிகைக்குப் போச்சு. சுமார் 20 அடி நீள மெஷின். வீட்டுக்காரர் வீடு முடியறதுக்குள்ளேயே காலமாயிட்டார்.

நான் சொல்ல வந்தது 1995 ஜூலை, சிகாகோ. ஒரே வாரத்துல வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலா இறந்தாங்க. பிணவறையில் இடமில்லாம குளிர்பதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினாங்க. உயிரோட இருந்தப்ப கிடைக்காத குளிர்ச்சி, செத்தப்புறம் கிடைச்சது.

அதுக்கப்புறம் மருத்துவ ஆய்வாளர்கள் இறந்த 339 பேரையும், அதே வட்டாரத்துல அதே வயசுல பிழைச்சிருந்த 339 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. படுத்த படுக்கையா இருந்தவங்க, தனியா வாழ்ந்தவங்க, இவங்களோட இன்னொரு கூட்டம்: கட்டடத்தின் மேல்தளத்துல குடியிருந்தவங்க. வீட்டுல ஓடுற ஏசி இருந்தவங்களுக்கு ஆபத்து வெகுவா குறைஞ்சிருந்தது. 2003-ல் பிரான்ஸ்ல சுமார் 15,000 பேர் வெப்பத்துல இறந்தப்பவும் இதே கதைதான், கூரைக்கு நேர் கீழே படுத்தவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

காரணம் எளிது. பகல் முழுக்க வெயிலைக் குடிச்ச தளம் ராத்திரி முழுக்க அதை அறைக்குள்ளே கக்கும். வயசானா வியர்வை குறையும், தாகம் தெரியாது. பிரஷருக்கும் இதயத்துக்கும் தர்ற சில மாத்திரைகள் உடம்பு நீரை இன்னும் இறக்கும். அறைக் காற்று தோலைவிடச் சூடாயிட்டா ஃபேன் வெந்நீர்க் காற்றைத்தான் வீசும்.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். கீழே ஹால்ல பெரிய ஏசியாப் போட்டா படி வழியா மேலே ஏறிடும்னு நினைக்காதீங்க, ஏறாது. மேலே போட்டா கொஞ்சம் கீழே வழியும், அது வேற. ஒரே மெஷின், வீடு முழுக்க டக்ட்டுன்னு போனா, தெர்மோஸ்டாட் எந்தத் தளத்துல இருக்குன்னு கேளுங்க. கீழே மட்டும் இருந்தா, ஹால் குளிர்ந்ததும் மெஷின் ஓய்வெடுக்கும், மேலே வேகும். ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியா அளவு பார்த்துக் குளிர்ச்சி அனுப்பும் முறையை ஜப்பானின் டைகின் 1982-லேயே கொண்டுவந்துடுச்சு. வசதியும் ஏழெட்டு அறையும் இருந்தா அதைப் பாருங்க. மத்தவங்களுக்கு ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஸ்பிளிட் போதும். மேல்தளத்து அறைக்குக் கீழ்த்தளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் திறன் தேவைப்படும். ஒண்ணே ஒண்ணு வாங்கத்தான் காசுன்னா, ஹாலுக்கு வேணாம்.

போன மே மாசம் எங்க வார்டுக்கு ஒரு பெரியவரைத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பு அனல், நினைவு இல்லை. வெப்ப வாதம். ஐஸ் தண்ணி ஊத்தி, ஃபேன் வெச்சு, சலைன் ஏத்திக் குளிர வெச்சோம். எட்டு நாள் கழிச்சு நடந்து வீட்டுக்குப் போனார். மகன்கிட்ட வீட்ல ஏசி இல்லையான்னு கேட்டேன். "இருக்கு சார், கீழே ஹால்ல. அப்பா மேலே படுப்பாரு."

இந்த வருஷம் மேலேயும் ஒண்ணு மாட்டிட்டாங்களாம். நேத்து பிரஷர் மாத்திரை வாங்க வந்தப்ப ராத்திரி ஏசி போடுறீங்களாய்யான்னு கேட்டேன். "கரண்ட் பில்லு எகிறும்ல தம்பி" என்றார். ரிமோட்டை மகனையே ராத்திரி படி ஏறி அழுத்தச் சொல்லி அனுப்பியிருக்கேன்.