ஆலைகளின் உற்பத்தித்திறன் எவ்வாறு அளவிடப்படுகிறது? இந்தியத் தரவுகள் காட்டும் இடைவெளி

இந்திய ஆலைகளிடையே மூலதனமும் உழைப்பும் அமெரிக்காவில் உள்ள அளவுக்குச் சீராகப் பகிரப்பட்டிருந்தால், அதே இயந்திரங்களையும் அதே தொழிலாளர்களையும் கொண்டே உற்பத்தித்திறன் 40 முதல் 60 சதவீதம் வரை உயர்ந்திருக்கும் என்பது பொருளாதாரப் பேராசிரியர்கள் சாங்-டாய் ஷியே, பீட்டர் கிளெனோ ஆகியோரின் மதிப்பீடு ஆகும். 2009-ஆம் ஆண்டு 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் வெளியான இந்த ஆய்வு, சீனாவுக்கு 30 முதல் 50 சதவீதம் எனக் கணித்தது.

தொழிலாளர் ஒருவர் ஈட்டும் உற்பத்தியை மட்டும் கணக்கிட்டால் இயந்திரத்தின் பங்கு மறைந்துவிடும். எனவே மூலதனம், உழைப்பு இரண்டின் பங்கையும் கழித்த பின் எஞ்சுவதை 'மொத்தக் காரணி உற்பத்தித்திறன்' என்கின்றனர். ராபர்ட் சோலோ 1957-இல் முன்வைத்த கணக்கு முறை இதற்கு அடிப்படை. தரவில் நேரும் பிழைகளும் அந்த எச்சத்திலேயே சேர்ந்துவிடுவது இதன் பலவீனம்.

மற்றொரு சிக்கல் விலை. ஆய்வாளருக்குப் பொதுவாகக் கிடைப்பது விற்பனை மதிப்பு. பொருளின் எண்ணிக்கை அன்று. விலையை உயர்த்தி விற்கும் ஆலையும் திறன்மிக்கதாகத் தோன்றக்கூடும். இருவரும் இந்த வருவாய் அளவையே தடயமாக மாற்றினர். ஓர் ஆலையில் கூடுதலாக இடும் ரூபாய்க்கு அதிக வருவாய் கிடைத்தால் முதலீடு அங்கு நகரும். உற்பத்தி பெருகி, விலை இறங்கி, ஒரே தொழிலில் உள்ள ஆலைகளின் வருவாய் அளவுகள் நெருங்கிவர வேண்டும். அவ்வாறு நெருங்காமல் இடைவெளி நீடித்தால், உரிமக் கட்டுப்பாடோ கடன் கிடைக்காமையோ குறுக்கே நிற்கிறது எனப் பொருள்.

இந்தியாவுக்கு 1987-88 முதல் 1994-95 வரையிலான ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வின் தரவுகள் பயன்படுத்தப்பட்டன. 1991-இல் சீர்திருத்தங்கள் தொடங்கிய போதிலும் இக்காலத்தில் பகிர்வு மேம்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இடைவெளி முழுவதும் உண்மையானதா என்ற ஐயமும் எழுந்தது. மார்க் பில்ஸ் உள்ளிட்டோருடன் கிளெனோவே 2021-இல் வெளியிட்ட கட்டுரையில், அளவீட்டுப் பிழையை நீக்கியபோது மறுபகிர்வால் கிடைக்கக்கூடிய ஆதாயம் இரு நாடுகளிலும் சுருங்கியது. அமெரிக்காவில் மிகுதியாகவும் இந்தியாவில் குறைவாகவும்.

ஆண்டுத் தொழிற்சாலை ஆய்வு, மின்சாரம் பயன்படுத்தினால் 10 தொழிலாளர்களும் இல்லையெனில் 20 பேரும் கொண்ட பதிவுபெற்ற ஆலைகளையே முதன்மையாகக் கணக்கில் கொள்கிறது. அதற்கு வெளியே உள்ள சிறு கூடங்களையும் சேர்த்து ஷியே, கிளெனோ 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 40 ஆண்டு பழமையான ஆலை, புதிய ஆலையைவிட 7 மடங்குக்கு மேல் தொழிலாளர்களைக் கொண்டுள்ளது. இந்தியாவில் நிலைத்து நிற்கும் ஆலைகள் அதே காலத்தில் ஏறத்தாழ இரு மடங்காகவே வளர்கின்றன.