ஏலமலையும் இரு மொழித் தாள்களும்

லெபனான் நாட்டு உள்நாட்டுப் போரில் (1975–1990) சமயப் பிரிவினர் பலர் தத்தமக்கெனப் பத்திரிகையும் வானொலியும் நடத்தினர். மொழி எல்லையிலும் அத்தகைய பிளவு நேர்வதை நாம் கண்டோம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வண்டன்மேடு கேரளத்தில் அமைந்தது. ஏலத்தோட்டங்களில் தமிழர் உழைப்பு தொடர்ந்தது.

2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாற்று அணைப் பூசல் மூண்டது. மலையாளத் தாள்கள் பெரும்பாலும் அணையின் கீழ் வாழ்வோரின் அச்சத்தை எழுதின; தமிழ்த் தாள்கள் ஐந்து மாவட்டப் பாசனத்தை எழுதின. இரண்டும் மெய், ஆனால் பாதி மெய். இடுக்கித் தோட்டத் தொழிலாளர் பலர் கூலியிழந்து கம்பத்திற்கும் போடிக்கும் இறங்கினர். அணை உறுதியானது என உச்சநீதிமன்றம் 2014 மே 7ஆம் நாளில் தீர்ப்பளித்தது.

அயல்மாநிலத்தில் வாழும் நாம் அண்டை வீட்டார் படிக்கும் தாளையும் படித்தறிதல் நலம்.