நோயுற்ற செவிலியும் குற்றவுணர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

பிறருக்கு ஓய்வு தேவையென்று நாள்தோறும் எடுத்துரைக்கும் செவிலியர், தாம் நோயுறும் நாளில் விடுப்புக் கேட்கக் கூசுகின்றனர். கேட்டு எடுத்தாலும், படுக்கையில் கிடந்தவாறே மனம் வார்டைச் சுற்றிவருகிறது. இது அவரவர் மனத்தின் மென்மையால் மட்டும் விளைவது என்று நாம் எண்ணுவோமானால், அதற்குப் பின்னால் உள்ள நீண்ட வரலாற்றைக் காணத் தவறுவோம்.

முதலாவது, பெயர்களை நோக்குவோம். சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். நம் மருத்துவமனைகளில் நோயாளிகள் அழைக்கும் ‘சிஸ்டர்’ என்னும் சொல்லோ துறவியர் இல்லங்களிலிருந்து வந்தது. ஒன்று தாயைக் குறிப்பது. மற்றொன்று சகோதரியைக் குறிப்பது. தாய்க்கு ஏது விடுப்பு? உறவின் பெயரால் அழைக்கப்படுபவர் விடுப்பெடுக்கும்போது, அது உரிமையாகத் தோன்றாமல் உறவைக் கைவிடுவதாகவே தோன்றிவிடுகிறது.

இரண்டாவது, இத்தொழிலின் நவீன உருவாக்கத்தில் திருச்சபைக்குள்ள பங்கு. 1836இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் தியடோர் ஃபிளீட்னர் என்னும் போதகரும் அவர் மனைவி ஃபிரீடரிக்கேயும் திருப்பணிப் பெண்டிர் இல்லம் ஒன்றை நிறுவினர். அங்கிருந்த சகோதரிகள் ஊதியம் பெறாது நோயாளிகளுக்குப் பணிசெய்தனர். ஆனால் அவர்கள் நோயுற்றாலும் முதுமையடைந்தாலும் தாய் இல்லமே அவர்களைப் பராமரித்தது. தன்னலமறுப்பு ஒருபுறமும் இல்லத்தின் பொறுப்பு மறுபுறமுமாக அமைந்த உடன்படிக்கை அது. அதில் நிறைகுறைகள் உண்டு. எனினும் இரு தரப்பினருக்கும் கடமை இருந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1851இல் அவ்வில்லத்தில் பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர் ஃபுளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்தி இரவில் வார்டுகளைச் சுற்றிவந்த அவரது உருவம் உலகறிந்தது. ஆனால் 1855 மே மாதம் கிரிமியாவில் அவர் கடுங்காய்ச்சலுற்றுச் சாவின் விளிம்புவரை சென்றதையும், 1857க்குப் பின் பல்லாண்டுகள் பெரும்பாலும் நோயாளியாகத் தம் அறையிலிருந்தே பணிசெய்ததையும் நாம் அரிதாகவே பேசுகிறோம். செவிலியர் தினப் பேச்சுகளில் விளக்கு இடம்பெறுகிறது, படுக்கை இடம்பெறுவதில்லை.

தமிழகத்துக்கு இம்மரபு மிஷன் மருத்துவமனைகள் வழியாகவும் வந்தது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பும் ஏற்பட்டது. அர்ப்பணம், தியாகம், ஊழியம் ஆகிய சொற்கள் பாடத்தோடு கலந்தே கற்பிக்கப்பட்டன. பின்னர் அரசும் தனியாரும் நடத்திய மருத்துவமனைகள் அச்சொற்களை ஏற்றுக்கொண்டன. தாய் இல்லத்தை மட்டும் ஏற்கவில்லை. சகோதரி என்ற பெயர் நிலைத்தது. சகோதரி நோயுற்றால் தாங்கும் வீடு மறைந்தது.

தருமபுரி மாவட்டத்தை எண்ணிப்பார்ப்போம். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தில் மலையூர்கள் பல. அரூர்ப் பகுதியின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்டிலிங்கியில், மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் 1993இல் ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கி, அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகவும் செவிலியராகவும் பயிற்றுவித்தனர். இது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் இத்தகைய சிற்றூர்களில் செவிலி அனைவருக்கும் தெரிந்தவர். அவர் வராத நாளை ஊரே அறியும் என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைமாற்றி 24 மணி நேரமும் மகப்பேறு பார்க்கும் ஏற்பாடு தமிழகத்தில் பரவியது. கணக்கு எளியது. மூவரும் நலமாயிருந்தால் ஒருவருக்கு 8 மணி நேரம். ஒருவர் நோயுற்றால் மற்ற இருவருக்கும் 12 மணி நேரம். மேலும், 2015இல் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட செவிலியரின் மாத ஊதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் வேண்டி அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினர். கொரோனா காலத்தில் அமர்த்தப்பட்டவர்களுள் 2,300க்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31உடன் பணியிழந்தனர். நிலையற்ற பணியில் இருப்பவருக்கு விடுப்புக் கேட்க அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே, செவிலியின் குற்றவுணர்வை முழுவதும் மாயை என்று நாம் ஒதுக்கலாகாது. உடன்பணியாளர் மீது சுமை ஏறுவது மெய். அதற்காக வருந்துவது அன்பு. ஆனால் நான்காவது செவிலியை அமர்த்தாதது யாருடைய குறை? நிறுவனத்தின் கடனைத் தன் பாவமாக ஏற்றுச் சுமப்பதே இங்கு நிகழும் பிழை. காய்ச்சலோடு பணிக்கு வரும் செவிலியால் பச்சிளங்குழந்தைக்கும் முதியவருக்கும் நேரக்கூடிய தீங்கைக் கொரோனா காலம் நமக்கு நன்கு உணர்த்தியது. 1977இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு செவிலியருக்கென ஏற்ற 149ஆம் உடன்படிக்கை, நோய்க்கால விடுப்பிலும் அவர்களைப் பிற தொழிலாளருக்கு இணையாக வைக்கக் கோரியது.

திருமறையில் எப்பாப்பிரோதீத்துவின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகிறது. பிலிப்பி சபையாரால் பவுலுக்குப் பணிசெய்ய அனுப்பப்பட்ட அவர் சாகும் தறுவாய்வரை நோயுற்றார். தாம் நோயுற்ற செய்தி சபைக்கு எட்டிவிட்டதே என்பதுதான் அவரை மிகவும் வருத்தியது. பவுல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வீட்டுக்கு அனுப்புகிறார், மகிழ்ச்சியோடும் மதிப்போடும் ஏற்றுக்கொள்ளுமாறு சபைக்கு எழுதுகிறார். அதோடு நில்லாது, சபையார் நேரில் செய்யக்கூடாதிருந்த பணியின் குறைவை நிறைவாக்கவே அவர் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்றும் கூறுகிறார் (பிலிப்பியர் 2:25-30). அனுப்பியவர்களின் குறைவை ஒருவருடைய உடல் ஈடுசெய்தது. இதை வெளிப்படச் சொன்னதே பவுல் அவருக்குச் செய்த ஆத்தும பராமரிப்பு.

நம் போதகர்களுக்கு இதில் இரு கடமைகள் உள. குற்றவுணர்வோடு வரும் செவிலிக்கு, இது மன்னிப்புத் தேவைப்படும் பாவமன்று என்று தெளிவுறச் சொல்லுதல் ஒன்று. திருமண்டல மருத்துவமனைகளின் நிர்வாகக் குழுக்களில் நாம் அமரும்போது, பணிமுறைப் பட்டியலில் நோயுற்றவருக்கு மாற்றாக வருபவரின் பெயர் உண்டா என்று வினவுதல் மற்றொன்று. இவ்விரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் சொல்வோமாயின், நம் ஆறுதல் அவரை மறுநாளும் காய்ச்சலோடே பணிக்கு அனுப்பும்.