தானிய ரயில் போக்குவரத்து ஒப்பந்தம்

நெல்லையும் அரிசியையும் கோதுமையையும் ரயிலில் கொண்டு சேர்க்கும் வேலையையோ அதில் ஒரு பகுதியையோ அரசு நிறுவனம் வெளியாரிடம் விடும் முறை இது. இந்தியாவில் சரக்கு ரயிலை இழுப்பது இன்றும் ரயில்வேதான். டெண்டருக்கு வருவது பெரும்பாலும் மூட்டைகளை ஏற்றி இறக்குவதும், குட்ஷெட்டிலிருந்து கிடங்குக்கு லாரியில் கொண்டுபோவதும். ஆகவே இந்த முறையைத் தண்டவாளத்தின் மேல் ஓடிய தொலைவை வைத்து அளப்பது தவறு. தண்டவாளம் நின்ற பிறகு மிஞ்சும் தொலைவை வைத்து அளப்பதே சரி.

திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரத்தைப் பார்த்தால் இது விளங்கும். தாமிரபரணிப் பாசனம் அம்பாசமுத்திரம் பக்கம் நெல் விளைவிக்கிறது. ராதாபுரம் வானம் பார்த்த நிலம் மிகுந்த பகுதி. 1981-இல் திறந்த திருநெல்வேலி–நாகர்கோவில் ரயில் பாதை வள்ளியூர் வழியே போகிறது, ராதாபுரம் ஊரைத் தொடவில்லை. காவிரி டெல்டா நெல் ஒரு முழு ரயிலில் சுமார் 2,000 டன் வருகிறது என்றால், 40 கிலோ சாக்கில் அது 50,000 மூட்டை. ஒவ்வொன்றும் வேகனிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து கிடங்குக்கும், பிறகு ஆலைக்கும் தோள் மாறுகிறது. குறித்த நேரத்தில் இறக்காவிட்டால் ரயில்வேக்குத் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 விழுக்காடு. மழைக்காலத்தில் அது தளர்த்தப்படும்போது, வழியில் எடை குறைந்தது உலர்ந்ததாலா, சிந்தியதாலா, களவாலா என்று சொல்ல முடியாமல் போகிறது. ஏற்றியவர், ஓட்டியவர், இறக்கியவர் என மூன்று கைகள் இருந்தால் பொறுப்பு எந்தக் கையிலும் நிற்பதில்லை.

முழு வழியையும் ஒரே தனியார் நிறுவனத்திடம் விட்டால் இது தீரும் என்பார்கள். இந்திய உணவுக் கழகம் 2005-இல் அதானி நிறுவனத்துடன் செய்த இருபதாண்டு ஒப்பந்தம் அவ்வகை. பஞ்சாபின் மோகா சேமிப்புக் கலன்களிலிருந்து சென்னை, கோவை, பெங்களூருக்குக் கோதுமை சாக்கில்லாமல், நிறுவனத்தின் சொந்த வேகன்களில் வந்தது. சிந்தலும் சாக்குச் செலவும் குறைவது மெய்யான ஆதாயம். ஆனால் அந்தச் சிறப்பு வேகன்கள் திரும்பும்போது காலி. குறிப்பிட்ட டன் அளவுக்கு உறுதிக் கட்டணமும் உண்டு, சரக்குக் குறைந்தாலும் அது குறையாது. ராதாபுரத்து ரேஷன் கடைக்கோ அரிசி மூட்டையாகத்தான் போய்ச் சேர வேண்டும். மோகா முறை இங்கு அப்படியே பொருந்தாது.

குட்ஷெட் முதல் கிடங்கு வாசல் வரை ஒரே பொறுப்பாளர், ஏற்றிய எடைக்கு அல்லாமல் கிடங்குத் தராசில் நின்ற எடைக்குக் கூலி என்பது இங்கே பொருத்தமான ஏற்பாடு. சிறு லாரி உரிமையாளர்கள் ஒதுக்கப்படுவார்களே என்ற கவலை நியாயமானது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர் விடாமல் வட்டவாரியாக விட்டால் வள்ளியூர், திசையன்விளை லாரிக்காரர்களும் அதில் கலந்துகொள்ள முடியும்.